ரெட்ஸ்டோனில் லாஜிக் கேட்: சின்ன இடத்தில் பெரிய கணக்கு



மைன்கிராஃப்டில் வீடும் கோட்டையும் கட்டாத தம்பி தங்கைகள் நம்மில் குறைவு. ஆனா ரெட்ஸ்டோன் பக்கம் போனதும் "இது கஷ்டம்"னு ஒதுங்கிடுறாங்க. நான் பொறியியல் படிக்கிறேன். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் முதல் சில வாரம் படித்ததை எல்லாம் ரெட்ஸ்டோனில் செய்து பார்க்கலாம். இந்த மாதம் அதுதான் நம் பாடம்.

நம்ம பத்து பெரண்டாமுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இங்குள்ள சுதந்திர வாணிப வட்டாரத்தில், 1973இல் சீமென்ஸ் தொடங்கிய ஆலைதான் இன்றைய இன்பினியோன். நேஷனல் செமிகண்டக்டர் 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கைக்கு மாறியது. நம் அம்மாக்கள், அக்காக்கள் பலர் ஷிப்ட் வேலை பார்த்தது இந்த மாதிரி ஆலைகளில்தான். சிப்பைப் பொருத்தி, சோதித்து அனுப்பியது அவர்கள் கை. அதன் உள்ளே ஓடும் கணக்கை வடிவமைப்பது நம் கையாக இருக்கட்டுமே!

யாப்பும் அட்டவணையும்

கேட் என்பது 0, 1 இரண்டை மட்டும் வைத்து முடிவெடுக்கும் சுற்று. தமிழ் வகுப்பில் யாப்பு படித்தவர்களுக்கு இது சுலபம். நேர் என்றால் 0, நிரை என்றால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரசைச் சீர் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். இரண்டு சுவிட்சுக்கு வரக்கூடிய நான்கு நிலையும் இதேதான்.

கருவிளத்துக்கு மட்டும் விளக்கு எரிந்தால் அது ஆண்ட் கேட். தேமாவுக்கு மட்டும் எரிந்தால் நார் கேட். புளிமா, கூவிளம் இரண்டுக்கு மட்டும் எரிந்தால் எக்ஸ்-ஆர். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்குமே, அதுவும் எக்ஸ்-ஆர்தான்.

டார்ச் ஒன்று போதும்

ஒரு பிளாக்கின் பக்கத்தில் ரெட்ஸ்டோன் டார்ச் வையுங்கள். பிளாக்குக்கு மின்சாரம் வந்தால் டார்ச் அணையும், நின்றால் எரியும். இது நாட் கேட். அதே பிளாக்குக்கு இரண்டு பக்கமிருந்து இரண்டு கோடு விட்டால் நார் கேட். கூடுதல் இடமே வேண்டாம்.

நார் ஒன்றை வைத்தே மற்ற எல்லாக் கேட்டையும் கட்டிவிடலாம். 1969இல் நிலவில் இறங்கிய அப்போலோ 11இன் வழிகாட்டிக் கணினி அப்படித்தான் கட்டப்பட்டது. மூன்று உள்ளீட்டு நார் கேட்டுகள்தான் அதன் மூளை.

ஆண்ட் கேட்டைக் கட்டிப் பாருங்கள். மூன்று பிளாக்கை வரிசையாக வையுங்கள். ஓரத்து இரண்டின் மேலும் டார்ச். நடுப் பிளாக்கின் மேலே தூள். நடுப் பிளாக்கின் முன்பக்கம் இன்னொரு டார்ச். பின்பக்கமிருந்து ஓரத்துப் பிளாக்குகளுக்கு உள்ளீடு கொடுங்கள். இரண்டும் வந்தால் மேல் டார்ச்சுகள் அணையும், தூள் அணையும், முன் டார்ச் எரியும். நீளம் 3, அகலம் 2, உயரம் 2: மொத்தம் 12 கட்டம்தான்.

ஏன் சுருக்க வேண்டும்?

அழகுக்காக மட்டும் இல்லை. தூளில் சிக்னல் 15 பிளாக் வரைதான் போகும். அதற்கு மேல் ரிப்பீட்டர் வேண்டும். டார்ச், ரிப்பீட்டர் ஒவ்வொன்றும் குறைந்தது 0.1 விநாடி தாமதம் கூட்டும். எட்டு பிட் கூட்டல் சுற்றில் கேரி, அதாவது நாம் கூட்டும்போது "மீதி ஒன்று" என்று சொல்வது, ஒவ்வொரு பிட்டாகத் தாண்டிப் போகணும். ஒரு பிட்டுக்கு 0.2 விநாடி என்றால் எட்டுக்கு 1.6 விநாடி. உண்மையான சிப்பிலும் இதே சிக்கல்தான்: கம்பி நீண்டால் நேரம், இடம் பெருகினால் செலவு.

சுருக்க மூன்று வழி சொல்கிறேன். அடுத்தடுத்து இரண்டு நாட் வந்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள், விடை மாறாது. பக்கவாட்டில் பரப்பாமல் மாடி வீடு மாதிரி மேலே அடுக்குங்கள். மூன்றாவது, கம்பரேட்டர். கழித்தல் நிலையில் அது பின்னால் வரும் அளவிலிருந்து பக்கத்தில் வரும் அளவைக் கழிக்கும். இரண்டு கம்பரேட்டர் வைத்து, ஒன்றில் முதலிலிருந்து இரண்டாவதையும், மற்றதில் இரண்டாவதிலிருந்து முதலையும் கழித்து, வெளியீட்டைச் சேர்த்தால் எக்ஸ்-ஆர் கிடைத்துவிடும்.

ஒன்றைக் கவனிங்க. தூளில் ஒரு பிளாக் தாண்டினால் அளவு ஒன்று குறையும். 15க்கு எதிரே 14 வந்தால் மீதி 1 கசிந்து, அணைய வேண்டிய விளக்கு எரியும். கம்பரேட்டரை ஒட்டியே, பின்னாலும் பக்கத்திலும் ரிப்பீட்டர் வைத்தால் இரண்டும் 15 ஆகிவிடும்.

வீட்டுப் பயிற்சி

இரண்டு எக்ஸ்-ஆர், இரண்டு ஆண்ட், ஒரு ஆர் சேர்ந்தால் முழுக் கூட்டி. இதற்கு உள்ளீடு மூன்று. ஆக, தேமாங்காய் முதல் கருவிளங்கனி வரை எட்டு நிலை. இரண்டோ மூன்றோ நிரை உள்ள சீரில் கேரி வரும். அப்படி நான்கு உண்டு. அவை எவை? முதலில் நோட்டுப் புத்தகத்தில் அட்டவணை போடுங்கள். அப்புறம் கேமைத் திறந்து, ஒரு பிட் கூட்டியை எத்தனை கட்டத்துக்குள் அடக்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். நண்பனையும் எண்ணச் சொல்லுங்கள். குறைவாகக் கட்டியவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.