நான்கும் ஒரே ஆவணியில் வேண்டாம்

என் தங்கை மகனுக்கும் மருமகளுக்கும் பெரியம்மா எழுதுவது.

தம்பி, நேற்று நீ போனில் சொன்னதையெல்லாம் பிறகு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மணப்பாறையில் தாய் வீட்டில் இருக்கும் மருமகளையும் பதின்மூன்று வாரக் குழந்தையையும் ஆவணி பிறந்ததும் அழைத்து வரப் போகிறாய். அதே வாரம் திருச்சி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் பால் காய்ச்சுகிறீர்கள். உனக்குப் புது வேலை. பெருங்களத்தூரில் பார்த்த அடுக்குமாடி வீட்டுக்கு ஆவணி முகூர்த்தத்திலேயே முன்பணம் கொடுக்கிறாய். இதற்கு நடுவில் இடது கையும் காலும் வராமல் உன் அப்பா ஊரில் கிடக்கிறார். படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது.

34 வருடம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். மற்ற உத்தியோகத்தார் திண்ணையோடு திரும்பிவிடுவார்கள். எங்களுக்குத் தொட்டில் கட்டியிருக்கும் உள்ளறை வரை போக உரிமை உண்டு. அப்படி உள்ளே போய்ப் பார்த்த வீடுகளை வைத்துத்தான் சொல்கிறேன். கண்ணு, நீயும் சேர்ந்து படி.

1. எது காத்திருக்கும் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை வளர்வது காத்திருக்காது. பக்கவாதம் வந்த கைகாலும் காத்திருக்காது, முதல் சில மாதங்களில் செய்யும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். வேலைக்கு ஆர்டர் கையில் வந்துவிட்டது, தேதி மாறாது. மீதியிருப்பது வீடு வாங்குவது ஒன்றுதான். அது காத்திருக்கும். இந்த ஆவணி போனால் அடுத்த ஆவணி வரும், பெருங்களத்தூரும் அங்கேயே இருக்கும். முன்பணத்தை ஒரு வருடம் தள்ளிப் போடு. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் கேட்பாய் என்றால் இதைக் கேள்.

2. விலை ஏறிவிடும் என்று பயப்படாதே, கணக்குப் போட்டுப் பார்.

50 லட்சம் கடன், 20 வருடம், எட்டரை சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். முடிக்கும்போது நீ கட்டியிருக்கும் தொகை 1 கோடியே 4 லட்சத்தைத் தாண்டும். கட்டடம் முடிந்து சாவி கைக்கு வரும்வரை வாடகையும் தனியாகக் கொடுக்க வேண்டும். புது வேலையில் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மகப்பேறு விடுப்பு முடிந்து, ஐப்பசிக்குப் பிறகு மருமகளின் சம்பளம் எப்படி என்று தெரியாது. அப்பாவின் மருந்துச் செலவு எவ்வளவு ஆகும் என்றும் தெரியாது. மூன்று தொகைகள் தெரியாத நிலையில் நான்காவது தொகைக்கு 20 வருடத்துக்குக் கையெழுத்துப் போடாதே.

இன்னொன்றும் உண்டு. வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் வரி வரியாக, நிதானமாகப் படிக்க வேண்டும். இரவில் மூன்று முறை எழுந்து தொட்டில் ஆட்டியவனுக்கு அந்தக் கண் இருக்காது.

3. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

இதை உன் அம்மாவைத் தவிர யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. 1990-இல் என் மகன் கைக்குழந்தை. அந்த ஆண்டுதான் என்னை வேறு துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். அதே ஆண்டு உன் பெரியப்பா, ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மச்சு வீடு கட்டத் தொடங்கினார். அஸ்திவாரம் போட்ட மாதத்திலேயே என் மாமியார் படுக்கையில் விழுந்தார். காலையில் கொத்தனாருக்குக் கஞ்சி, மாமியாருக்குத் துணி மாற்றுவது, பிறகு தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவது. நானும் உன் பெரியப்பாவும் சிமெண்டு, கம்பி, கூலி தவிர வேறு பேச்சுப் பேசவில்லை.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைத் தடுப்பூசி என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனவள் நான். ஊர்ப் பிள்ளைகளின் பெயர் எல்லாம் என் பதிவேட்டில் தேதியோடு இருந்தது. என் மகனின் ஒன்பதாம் மாதம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. பதினோராம் மாதம் அவனுக்குத் தட்டம்மை கண்டது. அது நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆனது. பதினோரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அவன் விலா எலும்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு கிடந்தேன். பிள்ளை பிழைத்துவிட்டான். அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறோம், நல்ல வீடு. ஆனால் அதைக் கட்டிய வருடத்தில் என் மகன் எப்போது தவழ்ந்தான், முதலில் என்ன சொன்னான் என்று எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை.

ஒரே நேரத்தில் நான்கு வேலை வந்தால் வாய் திறந்து கேட்கிறதைத்தான் நாம் முதலில் கவனிப்போம். கொத்தனார் கேட்பார், அதிகாரி கேட்பார், நோயாளி கேட்பார். கைக்குழந்தைக்குத் தேதி சொல்லத் தெரியாது.

4. புதன்கிழமையை மறக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் அரசு சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊர் மாறினாலும் பிள்ளையின் அட்டை செல்லும். தாம்பரத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று, சாமான் இறக்குவதற்கு முன்பே விசாரித்து வை. அட்டையை மூட்டை முடிச்சோடு கட்டாமல் கைப்பையில் வைத்துக்கொள், கண்ணு. லாரியில் ஏறிய அட்டை இரண்டு மாதம் கழித்துத்தான் பாத்திரத்துக்கு நடுவிலிருந்து வெளிவரும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தாகிவிட்டது, சரி. ஆனால் சான்றிதழில் பெயர் இன்னும் ஏறவில்லை என்றாய். புண்ணியதானத்தில் காதில் மூன்று முறை சொன்னதோடு அந்த வேலை முடியவில்லை. ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். திருச்சியை விட்டுக் கிளம்புவதற்கு முன் முடித்துவிடு.

5. கண்ணு, இது உனக்கு.

தாய் வீட்டில் உனக்குப் பத்தியச் சாப்பாடு நேரத்துக்கு வந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட உன் அம்மாவின் நீட்டிய கால்கள் இருந்தன. தாம்பரத்தில் கதவைச் சாத்தினால் நீயும் பிள்ளையும்தான். முதல் மாதமாவது உன் அம்மாவையோ சித்தியையோ கூட அழைத்துப் போ. வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளை பெற்றவளுக்கு முதல் பத்துப் பதினைந்து நாள் காரணமில்லாமல் அழுகை வரும், தானாகப் போகும். அதற்குப் பிறகும் நீண்டால், குழந்தை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாமல் இருந்தால், அது நோய். மருந்தும் ஆலோசனையும் கொடுத்தால் குணமாகிற நோய். நான் பார்த்த வீடுகளில் இதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார்கள், காற்றுக் கருப்பு என்று மந்திரித்தார்கள். அந்தப் பெண்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். உடனே டாக்டரிடம் போ. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. தம்பி, அவள் சொல்லும்வரை காத்திருக்காமல் நீ கேள்.

6. பெரியவர்கள் சொல்வதில் எதைத் தள்ளுவது?

நானும் பெரியவள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்ற விடாதே. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு வயது வரை தேன் நாக்கில் படக்கூடாது, பசும்பாலும் வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால்தான், தண்ணீர்கூடத் தேவையில்லை. உரை மருந்தை இழைத்து ஊற்றுகிறேன் என்று யார் வந்தாலும், டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லி அனுப்பிவிடு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டட்டும், தாலாட்டட்டும், சுற்றிப் போடட்டும். அதிலெல்லாம் கெடுதல் இல்லை.

7. ஐப்பசிக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

கண்ணு, சட்டப்படி உனக்குக் கிடைத்த 26 வார மகப்பேறு விடுப்பில் நான்கு வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டது. மீதி ஐப்பசியில் முடிகிறது. அப்போது குழந்தைக்கு ஐந்து மாதம்தான், இன்னும் ஒரு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய வயது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. உன் அலுவலகத்தின் சென்னைக் கிளையில் காப்பகம் இருக்கிறதா என்று இப்போதே எழுதிக் கேள், பதிலையும் எழுத்திலேயே வாங்கு.

இல்லையென்றால் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்த மூடிபோட்ட பாத்திரத்தில், பிரிட்ஜின் உள்பக்கத்தில் வைத்து, அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். அடுப்பில் வைத்துச் சூடாக்காதே. வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்தினால் போதும். பாட்டிலைவிடப் பாலாடை நல்லது, கழுவுவது சுலபம். ஐப்பசி முதல் தேதி பதறாமல், புரட்டாசியிலேயே பத்து நாள் பழக்கிப் பார்.

8. அப்பாவை இப்போது சென்னைக்கு இழுக்காதே.

உன் மனம் எனக்குப் புரிகிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாய். ஆனால் மூன்றாவது மாடி வாடகை வீட்டில், கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் நடுவில் மருமகள் ஒருத்தி அல்லாடுவாள். அப்பாவுக்கும் அங்கே பேசத் தெரிந்த முகம் இல்லை. ஊரில் அவருக்குத் திண்ணை இருக்கிறது, உன் அம்மா இருக்கிறாள், இரண்டு தெரு தள்ளி நான் இருக்கிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மருந்தும் சர்க்கரை மருந்தும் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைப் பயிற்சி தருகிறவரும் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பார். அவர் வராத நாளில் கையை மடக்கி நீட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ செய்ய வேண்டியது மாதம் இரண்டு முறை வந்து போவது. புதுக்கோட்டை வழியாகப் போகும் இரவு ரயில் தாம்பரத்திலும் நிற்கிறது. வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு மாலை வரை அப்பாவோடு இருக்கலாம். பணம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாதே. உன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத்தான் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

9. காகிதங்கள்.

பழைய வேலையை விடும்போது வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடாமல் புது கம்பெனிக்கு மாற்று. பத்து வருட சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதியம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருந்தாயே, அந்த நியமனம் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விட்டது. மனைவி, குழந்தை பெயரைப் புதிதாகப் பதிவு செய். பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீடு நீ விலகும் அன்றோடு முடிந்துவிடும், புதியது என்றைக்குத் தொடங்குகிறது என்று கேட்டு, நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்.

10. இரவு இரண்டு மணி உன்னுடையது, தம்பி.

பால் கொடுக்க உன்னால் முடியாது. ஏப்பம் விட வைக்கலாம், துணி மாற்றலாம், தோளில் போட்டு நடக்கலாம். உதவி என்று அதைச் சொல்லாதே, உன் பிள்ளை. இருவரும் தினம் ஒரு வேளையாவது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்போது வேலை, வாடகை, கடன் பேச்சு வேண்டாம். பிள்ளை அன்றைக்கு என்ன செய்தது என்று பேசுங்கள். உன் பெரியப்பாவும் நானும் பேசாமல் விட்டது அதைத்தான்.

ஆவணி பிறந்து வருகிற முதல் புதன்கிழமை குழந்தைக்குப் பதினான்காவது வாரத் தடுப்பூசி. சொட்டு மருந்தும் உண்டு, தொடையில் ஊசியும் உண்டு, இரவு கொஞ்சம் காய்ச்சல் வரும். புது வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேள். அட்டையை எடுத்துக்கொண்டு இருவருமாகப் போய்விட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.