இருமலே இல்லாதவருக்கு மாசுக் காற்று என்ன செய்யும்?

கேள்வி: எனக்கு வயது 61. பெரம்பூரில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் காலை ஐந்து மணிக்கு மெயின் ரோடு ஓரமாக முக்கால் மணி நேரம் நடக்கிறேன். காற்று கெட்டுக் கிடக்கிறது, போகாதீர்கள் என்று மகன் தடுக்கிறான். ஏர் பியூரிஃபையர் வாங்கலாம் என்கிறான். எனக்கு இருமலோ வீசிங்கோ கிடையாது. செல்போனில் பார்த்தால் பல நாள் 'திருப்திகரம்' என்றுதான் காட்டுகிறது. முகத்தில் கைக்குட்டையும் கட்டிக்கொள்கிறேன். நடப்பதை நிறுத்தத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு நடையும் ஒரு மருந்து. ஆனால் நேரத்தையும் பாதையையும் மாற்றியே ஆக வேண்டும். உங்கள் மகனின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இருமல் இல்லை என்பதை நற்சான்றிதழ் போலச் சொல்கிறீர்கள். என்னிடம் வரும் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெளிக்காற்று மாசால் 2019-ல் உலகெங்கும் சுமார் 42 லட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 68 சதவீதம் மாரடைப்பு உள்ளிட்ட இதயநோயும் பக்கவாதமும். நுரையீரல் புற்றுநோய் 4 சதவீதம்தான். காற்று மாசை நாம் நுரையீரல் டாக்டரின் தலையில் கட்டிவிட்டோம். ஆனால் அது அவருடைய வார்டைவிட அதிகமாக எங்கள் இதயநோய் வார்டை நிரப்புகிறது.

காரணம் துகளின் அளவு. கண்ணில் உறுத்தும் ரோட்டுத் தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியோடு வெளியே தள்ளிவிடும். பிஎம் 2.5 என்கிறார்களே, அந்தத் துகள் 2.5 மைக்ரானோ அதற்கும் குறைவோ. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. டீசல், நிலக்கரி, குப்பை என எது எரிந்தாலும் பிறப்பது. இது நேராக நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடும். அங்கே நோய் எதிர்ப்பு செல்கள் அதை விழுங்கப் போராடும்போது அழற்சி உண்டாகிறது. அதில் சுரக்கும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தம் எளிதில் உறைகிறது, ரத்தக் குழாய் விரிந்து கொடுக்க மறுக்கிறது, பிரஷர் ஏறுகிறது. குழாயில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருந்தால் அது வெடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. இத்தனையும் ஒரு இருமல்கூட இல்லாமல் நடக்கும். உங்களைப் போன்றவர்களுக்குச் சில மணி நேரத்து மோசமான காற்றே ஆபத்தைத் தூண்டலாம்.

அடுத்து அந்தத் 'திருப்திகரம்'. இந்தியக் குறியீட்டில் 24 மணி நேர சராசரி, கன மீட்டருக்கு 31 முதல் 60 மைக்ரோகிராம் வரை பிஎம் 2.5 இருந்தால் அந்தப் பெயர். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த 24 மணி நேர அளவு 15. ஆண்டு சராசரிக்கு நம் வரம்பு 40, அவர்களுடையது 5. செயலி பொய் சொல்லவில்லை. நம் அளவுகோல் தாராளமானது. அதோடு, அளக்கும் கருவி எங்கோ ஒரு வளாகத்தில் இருக்கும், நீங்களோ லாரிக்குப் பக்கத்தில் நடக்கிறீர்கள்.

ஐந்து மணி நடைக்கு வருகிறேன். மார்கழி விடியலில் ஓசோன் இறங்கி வருகிறது, அது உடம்புக்கு நல்லது என்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். தரையருகே ஓசோன் இருந்தால் அது நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு. அதுவும் வெயிலில் உருவாவது, விடியலில் அல்ல. விடியலில் நிகழ்வது வேறு. குளிர்ந்த தரையை ஒட்டிய காற்று மேலே எழாமல் கிடக்கும். அதன்மேல் சற்று வெப்பமான காற்று மூடிக்கொள்ள, இரவெல்லாம் ஓடிய லாரிகளின் புகையும் தெருமுனையில் எரித்த குப்பையின் புகையும் அடியிலேயே தேங்கும். வெயில் ஏறினால்தான் கலையும். எனவே மார்கழி, தை மாதங்களில் ஏழரை, எட்டுக்குக் கிளம்புங்கள். அதற்குள் ரோட்டில் நெரிசல் வந்துவிடும் என்பீர்கள். ஆகவே மெயின் ரோட்டை விட்டுப் பூங்காவுக்கோ உள் தெருவுக்கோ போங்கள். சில நூறு அடி தள்ளிப் போனாலே வண்டிப் புகை கணிசமாகக் குறையும்.

கைக்குட்டை இந்தத் துகளைத் தடுக்காது. என்-95 முகத்தோடு இறுகப் பொருந்தினால் தடுக்கும். ஆனால் அதோடு வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும், நிதானமாக நடங்கள்.

ஏர் பியூரிஃபையர்? ஹெப்பா வடிகட்டி உள்ளது, கதவு ஜன்னல் சாத்திய அறையில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: ராத்திரி கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறீர்களா? 2003-ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிக்கையில் விடும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று தெரிந்தது. ஜன்னலைச் சாத்தி அதை ஏற்றிவிட்டு மெயின் ரோட்டைக் குறை சொல்ல முடியாது. முதலில் கொசுவலை வாங்குங்கள். சாம்பிராணியைப் பண்டிகையோடு நிறுத்துங்கள். பிறகும் கையில் பணம் இருந்தால் படுக்கையறைக்கு மட்டும் பியூரிஃபையர் போதும்.

மாத்திரைகளை ஒரு நாளும் விடாதீர்கள். நடக்கையில் நெஞ்சு இறுக்கமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வந்தால், காற்று மேல் பழியைப் போட்டு வீட்டில் உட்காராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். போகியன்று காலையில் மட்டும் வெளியே வேண்டாம். அன்றைய நடை வீட்டுக் கூடத்திலேயே இருக்கட்டும்.