பழைய சாணைக்கல் வாங்குவோர் கவனத்திற்கு

மூட்டை பிரிக்கும் கத்தி, தேங்காய் வெட்டும் அரிவாள், கிடங்குக் கொக்கி என்று நம் கடைகளில் சாணை பிடிக்க வேண்டியவை பல. அதற்காகப் பழைய பெஞ்ச் கிரைண்டர் வாங்குகையில் மோட்டார் ஓடுகிறதா, பேரிங் சத்தம் போடுகிறதா என்று பார்க்கிறோம். கல்லைப் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 2,850 சுற்று சுழலும் 6 அங்குலக் கல்லின் விளிம்பு மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விரிசல் கண்ட கல் அந்த வேகத்தில் சிதறினால் எதிரே நிற்பவர் கண்ணும் முகமும் போய்விடும்.

கல்லின் பக்கத்தில் ஒட்டிய காகிதத்தை முதலில் படிக்க வேண்டும். 'ஏ 60 கே 5 வி' என்றிருந்தால், ஏ என்பது அலுமினியம் ஆக்சைடு. நம் கத்தி, அரிவாளுக்கு உகந்தது இதுவே. பச்சைக்கல் சிலிக்கான் கார்பைடு. அது கார்பைடு முனைக் கருவிகளுக்கானது. 60 என்பது பொடியின் அளவு. எண் கூடக்கூட நைசு. கே கல்லின் கடினத்தையும், 5 பொடியின் நெருக்கத்தையும், வி சூளையில் சுட்ட பிணைப்பையும் குறிக்கும். இவற்றைவிட முக்கியம் ஆர்.பி.எம். எண். அது மோட்டாரின் வேகத்துக்குக் குறைவாக இருந்தால் கல்லை மாட்டவே கூடாது. காகிதம் கிழிந்து எண் தெரியாத கல்லை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நம்மில் ஹார்டுவேர் கடை வைத்திருப்போர் அத்தகைய கல்லை விற்பதும் தகாது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்வதுதான். ஈரமும் தூசியும் இல்லாத கல்லைத் துளையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் பக்கவாட்டில், விளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே, மெல்லத் தட்ட வேண்டும். உச்சிக்கு நேராக அல்ல, சற்று இடமும் வலமும். பிறகு கல்லைச் சிறிது திருப்பி மறுபடியும். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது மொத்தென்று ஒலிக்கும். பிசின் பிணைப்புள்ள கல்லில் (பி என்றிருக்கும்) கணீர் ஒலி குறைவுதான். கண்ணுக்கு விரிசலோ உடைசலோ தெரிந்தால் ஒலி நன்றாக இருந்தாலும் தள்ளிவிடலாம்.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கல் தண்டில் தானாக நுழைய வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. இருபுறமும் காகித வட்டு அவசியம். தாங்குபலகைக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மூடியைக் கழற்றி வைக்கவே கூடாது. ஸ்விட்ச் போட்டதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓட விட வேண்டும்.

தேறாத கல்லை முழுதாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப்போய் மறுபடி விற்றுவிடுவார்கள். சாக்கில் சுற்றி உடைத்தே போட வேண்டும்.