தெரிந்த சொல்தான் காலை வாரும்

புது வேலையில் சேருகிறவர்கள் தெரியாத ஆங்கிலச் சொற்களைக் கண்டு பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வீண். தெரியாத சொல் என்றால் பக்கத்து சீட்டில் கேட்போம், இல்லாவிட்டால் போனில் தேடிவிடுவோம். பள்ளிக்கூடத்திலேயே பொருள் தெரிந்துகொண்ட ஒரு சொல் புது அலுவலகத்தில் வேறு பொருளில் புழங்கும்போதுதான் சிக்கல். தெரியும் என்ற நினைப்பில் கேட்க மாட்டோம். மீட்டிங்கில் தலையை ஆட்டிவிட்டு வந்து, யாரும் கேட்காத வேலையைச் செய்து வைப்போம்.

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கிலிருந்து டேட்டா சயின்ஸுக்கு மாறுகிறவர்கள் இப்போது நிறைய. டெஸ்டிங்காரருக்கு 'ரிக்ரெஷன்' என்றால் ஒரே பொருள்தான். புதிதாக ஒன்றைச் சேர்த்ததால், நேற்றுவரை ஓடியது ஏதாவது உடைந்துவிட்டதா என்று பழைய சோதனைகளை மறுபடி ஓட்டிப் பார்ப்பது. டேட்டா குழுவில் அதே சொல்லுக்கு வேறு வேலை: பரப்பளவு, கட்டி எத்தனை வருடம் ஆயிற்று என்பதையெல்லாம் வைத்து வீட்டின் விலையைக் கணிப்பது போன்ற கணக்கு. பின்னோக்கிப் போவதைக் குறிக்கும் சொல் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் ஃபிரான்சிஸ் கால்டன். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு அவர் 1886-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் அந்த அளவுக்கு உயராமல் சராசரியை நோக்கி இறங்கியிருந்தார்கள். அந்த இறக்கத்துக்கு அவர் வைத்த பெயர் கணக்கு முறைக்கே ஒட்டிக்கொண்டது. ஆகவே 'ரிக்ரெஷன் தெரியுமா?' என்று நேர்காணலில் கேட்டால், கேட்பவர் எந்தக் குழு என்பதை முதலில் பாருங்கள்.

'நார்மலைசேஷனும்' இதே ஜாதி. டேட்டாபேஸில் ஒரே தகவல் நாலு இடத்தில் கிடக்காதபடி அட்டவணைகளைப் பிரிப்பது. டேட்டா சயின்ஸில் எண்களை ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவருவது.

'சிக்னிஃபிகன்ட்' இவற்றைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது முடிவெடுப்பவர்கள் காதில் விழுகிறது. புள்ளியியல்காரர் அந்தச் சொல்லைச் சொன்னால், இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது என்று மட்டுமே பொருள். பெரிய வித்தியாசம் என்று அவர் சொல்லவில்லை. பல்லாயிரம் பேரிடம் சோதித்தால், ரத்த அழுத்தத்தை ஒரே ஒரு புள்ளி குறைக்கும் மாத்திரைகூட அந்தத் தேர்வில் தேறிவிடும். மேலாளரோ அதை 'கணிசமான முன்னேற்றம்' என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். அறிக்கை எழுதும் இடத்தில் நீங்கள் இருந்தால், அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எவ்வளவு என்ற எண்ணையும் போட்டுவிடுங்கள்.

ஹெச்.ஆர். ஆள் 'பாசிட்டிவ் ஃபீட்பேக்' என்றால் பாராட்டு. கண்ட்ரோல் இன்ஜினியருக்கு அது தலைவலி: வெளியே வருவது மறுபடி உள்ளே போய், சுற்றுக்குச் சுற்று பெருகிக்கொண்டே போவது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்ததும் காதைப் பிளக்கும் அந்தக் கீச்சல்தான் அது. அவருக்கு நெகட்டிவ் ஃபீட்பேக்தான் பிடிக்கும். இயந்திரம் நிதானமாக ஓடும். மருத்துவத்திலும் அப்படித்தான்: பயாப்ஸி முடிவு 'நெகட்டிவ்' என்றால் வீட்டில் பால் பாயசமே வைக்கலாம்.

நூற்பாலையில் வேலைக்குப் போகிறவர் 'கவுண்ட்' என்ற சொல்லைப் புதிதாகப் படிக்க வேண்டும். மருத்துவமனையில் கவுண்ட் குறைந்தால் பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, பதறுகிறோம். மில்லில் கவுண்ட் குறைந்தால் நூல் தடிமன். ஒரு பவுண்டு பருத்தி நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை தேறும் என்பதே கணக்கு என்பதால், 40-ஆம் கவுண்ட் 20-ஐவிட மெல்லிசு. பாலியெஸ்டர் பக்கம் போனால் அளவு 'டெனியர்', அது தலைகீழ்: எண் ஏற ஏற நூல் தடிக்கும். திருப்பூரில் பருத்தி, பாலியெஸ்டர் இரண்டையும் பார்க்கிற சூப்பர்வைசர்கள் இதை மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள்.

நாம் உள்ளூரில் வளர்த்த பொருள்களும் உண்டு. நம் அலுவலகங்களில் 'ஐ வில் ரிவர்ட்' என்றால் பதில் அனுப்புகிறேன் என்று எல்லோருக்கும் விளங்கும். வெளிநாட்டு ஆங்கிலத்தில் பெரும்பாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவது. புரோகிராமர்கள் பயன்படுத்தும் 'கிட்' மென்பொருளில் அது ஒரு கட்டளை. செய்த மாற்றத்தை ரத்து செய்துவிடும். 'உங்கள் மாற்றங்களைப் பார்த்துவிட்டு ரிவர்ட் செய்கிறேன்' என்று ஓர் அமெரிக்க புரோகிராமருக்கு எழுதிப் பாருங்கள். மனுஷன் ஒரு வாரம் உழைத்ததை நீங்கள் தூக்கிப் போடப்போவதாக நினைப்பார். 'ஐ ஹாவ் எ டவுட்' என்பதும் அப்படித்தான். நாம் சந்தேகம் கேட்கிறோம், அவர் காதில் நம்பிக்கையின்மை விழுகிறது. 'கொஸ்டின்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தங்களுக்குள்ளேயே இதில் விழுந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் ஆலோசனை ஒன்றில் 'டேபிள்' என்ற சொல்லை வைத்து நடந்த நீண்ட வாக்குவாதத்தை சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். பிரிட்டிஷாருக்கு அது உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்கருக்கு ஒத்திப்போடுவது. இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான்.

சில துறைகளில் இந்தப் பிசகுக்கு விலை அதிகம். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து வந்த அவியான்கா 52 விமானம், மோசமான வானிலையால் நியூயார்க்கை நெருங்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானில் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் 'ப்ரையாரிட்டி' வேண்டும் என்றார்கள். கட்டுப்பாட்டு அறைக்கு 'எமர்ஜென்சி' என்று சொல்லவே இல்லை. எல்லாரையும் விலக்கி ஒரு விமானத்தை உடனே இறக்கவைக்கும் சொல் இரண்டாவதுதான். விமானம் லாங் ஐலண்டில் விழுந்து, அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

புதிதாகச் சேரும் எவருக்கும் இதில் வேலை இருக்கிறது. எந்தத் துறையிலும் ஆட்களை உடனே ஓடவைக்கும் சொற்கள் நாலைந்துதான் இருக்கும். முதல் வாரத்தில் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.டி. சப்போர்ட்டில் 'அர்ஜென்ட்' என்று மெயில் போட்டால் பெரும்பாலும் காலையில்தான் பார்ப்பார்கள். டிக்கெட்டை 'பி ஒன்' என்று போட்டால் நடுராத்திரியில் யாருக்கோ போன் போகும். விமானிகளிடமிருந்து இன்னொரு பழக்கத்தையும் கடன் வாங்கலாம்: உத்தரவைத் திருப்பிச் சொல்வது. 'சரி சார்' என்பதற்குப் பதில், 'அப்படியென்றால் வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பட்டியலை மட்டும் சரிபார்த்து அனுப்ப வேண்டும், இல்லையா சார்?' என்று கேட்டுவிடுங்கள். பொருள் பிசகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் திருப்பிச் சொல்ல ஆள் கிடையாது, தாள்தான். அங்கே 'கன்சிடரேஷன்' என்றால் கரிசனமும் இல்லை, பரிசீலனையும் இல்லை, கைமாறாகக் கொடுப்பது. நம் கிரயப் பத்திரத்தில் கிரயத் தொகை என்று வருவது அதுதான். அது இல்லாத உடன்பாடு, சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. 'பர்சன்' என்றால் கம்பெனியும் சேர்த்தி. லீகல் ஆள் 'அக்ரிமென்ட்டை எக்ஸிக்யூட் பண்ணியாச்சா?' என்று கேட்டால், கையெழுத்து ஆகிவிட்டதா என்கிறார். ப்ராஜெக்ட் மேனேஜருக்கு அது வேலையே முடிந்துவிட்டதா என்று கேட்கும். ஒப்பந்தத்தின் முதல் சில பக்கங்களில் வரும் வரையறைப் பகுதியை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பதவிப் பெயர்களை நம்பவே நம்பாதீர்கள். திருப்பூரில் 'மெர்ச்சண்டைசர்' என்பவர் வெளிநாட்டு ஆர்டரை சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை விரட்டிக்கொண்டே போகிறவர். சூப்பர் மார்க்கெட் உலகில் அதே பெயருக்கு, சரக்கு ரேக்கில் கண்ணில் படும்படி இருக்கிறதா என்று பார்ப்பவர். லண்டனிலும் கொழும்பிலும் மருத்துவமனை 'ரெஜிஸ்ட்ரார்' ஒரு டாக்டர், நமக்கு அவர் பல்கலைக்கழகப் பதிவாளர். வழக்கறிஞர் பெஞ்சுக்குப் போனால் நீதிபதி ஆகிவிட்டார், ஐ.டி. ஊழியர் பெஞ்சுக்குப் போனால் ப்ராஜெக்ட் இல்லாமல் கவலையில் இருக்கிறார்.

ஆகவே வேலை விளம்பரத்தில் தலைப்பைத் தாண்டி, என்ன செய்ய வேண்டும் என்ற பகுதிக்குப் போங்கள். உங்கள் ரெஸ்யூமேயிலும் அப்படியே. 'மெர்ச்சண்டைசர், 3 வருடம்' என்று விட்டுவிட்டால், சில்லறைக் கடைக்கு ஆள் எடுப்பவர் உங்களை ரேக் அடுக்குகிறவராகவே வாசிப்பார். எந்த நாட்டு ஆர்டர்கள், மாதத்துக்கு எத்தனை உருப்படி, சாம்பிள் ஒப்புதலும் ஷிப்மென்ட் தேதியும் யார் பொறுப்பு என்று மூன்று வரி எழுதிவிடுங்கள்.