ஒரு மாத்திரையும் ஓர் ஊசியும்



திருப்பூர் பனியன் கம்பெனிகளில் "ஒன்றரை ஷிப்ட்" என்றால் காலை 8.30 முதல் இரவு 8.30 வரை வேலை என்று உங்களில் பலர் அறிவீர்கள். கட்டிங், செக்கிங், அயர்ன் வேலைகளில் இருக்கிறவர்கள் இதில் பெரும்பகுதியும் நின்றுகொண்டே உழைக்கிறார்கள். அவர்களில் சிலருடைய கெண்டைக்காலில் நீலநிறமாய் முறுக்கிக்கொண்டு தெரிவதை "நரம்பு சுருட்டல்" என்கிறோம். அது நரம்பல்ல, இருதயத்துக்கு இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய். இரத்தம் கீழே இறங்காதபடி அதற்குள் சிறு வால்வுகள் உண்டு. அவை பழுதானால் இரத்தம் காலில் தேங்கும். கால் கனத்து வீங்கும். கணுக்காலருகே ஆறாத புண்ணும் வரலாம்.

இதற்குரிய சிகிச்சைகளில் ஒன்று ஊசி. பாலிடோகனால் போன்ற மருந்தைச் சுருண்ட குழாய்க்குள் செலுத்தினால், உட்சுவர் புண்பட்டு ஒட்டிக்கொண்டு, குழாய் அடைபடும். இரத்தம் நல்ல குழாய்கள் வழியாய்ப் போகும்.

இப்போது செக்கிங் மேஜையில் நிற்கும் ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இருதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள். (திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையம் உருவாக்கிய இந்திய வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.) இப்படிப்பட்ட வால்வில் இரத்தம் உறையாதிருக்க, வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை ஆயுள் முழுதும் வேண்டும். "கால் ஊசி போடப் பத்து நாள் மாத்திரையை நிறுத்து" என்று அக்கம்பக்கத்தார் சொல்லுகிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும்?

1. தானாக நிறுத்தவே கூடாது. வால்வில் கட்டி உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். காலுக்காகக் காத்திருக்கலாம், இருதயம் காத்திராது.

2. இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த ஊசியே கூடாது என்பதில்லை. மெல்லிய ஊசியால் போட்டு, நன்றாய்க் கட்டுக் கட்டினால், மாத்திரையை நிறுத்தாமலே பலருக்குச் செய்ய முடியும். இரத்தம் கன்றிப்போகலாம், சிலருக்கு மறுபடியும் ஊசி வேண்டியிருக்கலாம். முதலில் ஸ்கேன் செய்து, ஆழத்திலுள்ள குழாயில் புதிய கட்டி இல்லையென்று பார்ப்பார்கள். கால் மருத்துவரும் இருதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய காரியம் இது.

3. ஊசிக்குமுன் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை அவசியம். செயற்கை வால்வுக்காரருக்கு அந்த அளவு பெரும்பாலும் 2-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கும்படி, வால்வுக்கேற்ப மருத்துவர் குறிப்பார். குறைந்தால் உறையும், மிஞ்சினால் கசியும்.

4. கால்வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, இந்த மருந்தோடு சேர்ந்து வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். கீரையை விட்டுவிடத் தேவையில்லை. ஒரே அளவாய்ச் சாப்பிட்டால் போதும்.

5. சுருண்ட குழாய் வெடித்து இரத்தம் பீறிட்டால் உடனே படுக்கவைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இந்த மருந்தின் வரலாறே நமக்கு ஒரு பாடம். 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மடிந்தன. அதன் காரணத்தை விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அந்த ஆராய்ச்சியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகவும், 1954-ல் மனிதருக்கு மருந்தாகவும் வந்தது. கொல்லுகிறதும் காக்கிறதும் ஒன்றே. நடுவில் நிற்பது அளவு.

இன்னுமொன்று. "ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம்" என்று யாராவது சொன்னால், மௌனமாயிராதேயுங்கள். ஜெபம் மாத்திரைக்கு விரோதமானதல்ல. சரீரத்தின் அவயவங்களைக் குறித்துப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை நாம் அறிவோம். காலுக்கு நன்மை செய்யப்போய் இருதயத்தை மறப்பது ஞானமல்ல. உங்கள் தெருவிலோ சபையிலோ இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர் இருப்பார். "இன்றைக்குச் சாப்பிட்டீர்களா?" என்று அவரிடம் அன்பாய்க் கேளுங்கள். அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.