புயலில் பிரிந்த கூரை: மராமத்து வரை காப்பது எப்படி?



2018 நவம்பர் 16 அதிகாலை நாகை - வேதாரண்யம் இடையே கரை கடந்த கஜா புயல், நம் திருச்சி மாவட்டத்தில் மணப்பாறைப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. கடல் தூரம் என்று நாம் அசட்டையாக இருக்க முடியாது. கொத்தனாரோ ஆசாரியோ கிடைக்கும்வரை கவனிக்க வேண்டியவை:

1. மெயின் சுவிட்சை அணையுங்கள். அறுந்த கம்பி கிடந்தால் அருகே போகாமல் மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள்.

2. மூடுமுன் சேதத்தைப் போட்டோ எடுத்து, நிவாரணத்துக்காக வி.ஏ.ஓ.விடம் தெரிவியுங்கள்.

3. காற்று அடங்கிய பின், பகலில் மட்டும் ஏறுங்கள். சிமென்ட் ஷீட் மிதித்தால் உடையும். அடியில் சட்டம் உள்ள இடத்தில் பலகை போட்டு நில்லுங்கள்.

4. தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கமும் இறங்க வேண்டும். பாதியில் நின்றால் மேலிருந்து வரும் தண்ணீர் அடியில் புகும்.

5. ஓரத்தில் வெறும் ஆணி அடித்தால் கிழியும். ரீப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரீப்பரோடு சேர்த்து அடியுங்கள். தொய்வில்லாமல் இழுங்கள், தேங்கும் தண்ணீரின் கனமே கூரையை இறக்கிவிடும்.

தார்ப்பாய் வெயிலில் நைந்துபோகும். அடுத்த மழைக்குள் நிரந்தர வேலையை முடித்துவிட வேண்டும். வயதானவர்களும் தனித்து வாழும் பெண்களும் தாங்களே ஏற வேண்டாம். திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ எந்த வீடானாலும் எங்களிடம் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஜமாஅத் இளைஞர்களோடு வருகிறோம்.