செங்குருகு

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோவில்களுக்கும் பெயர்பெற்ற நகரம். அதனைச் சூழ்ந்த நாடோ ஏரிகளால் வாழ்வது. அவ்வேரிகளின் விளிம்பில் கோரையும் சம்பும் நாணலும் செறிந்த இடங்களே செங்குருகின் உறைவிடம். ஏரிக்கரையில் நாள்தோறும் மாடு மேய்ப்போருள்ளும் இதனைக் கண்டோர் சிலரே ஆவர்.

செங்குருகு கொக்கினத்தைச் சார்ந்தது. ஏறத்தாழ 38 செ.மீ. நீளமுடையது, மடையானினும் சிறியது. ஆண்பறவையின் முதுகும் சிறகும் இலவங்கப்பட்டையின் நிறம் வாய்ந்தவை. காஞ்சித் தறியில் நெய்த அரக்குப் பட்டு சற்றே வெளுத்தாற் போன்ற நிறம் என்னலாம். பெண்பறவை மங்கிய பழுப்பு நிறத்தது. அதன் கழுத்திலும் மார்பிலும் கோடுகள் ஓடும். இதன் உறவாகிய மஞ்சட்குருகு பறக்குங்கால் அதன் சிறகின் ஓரம் கறுத்துத் தோன்றும். செங்குருகின் சிறகோ முழுவதும் செந்நிறமே.

மடையான் வரப்பின்மேல் எவரும் காண நிற்கும். செங்குருகு அங்ஙனம் நில்லாது. பெரும்பாலும் வைகறையிலும் அந்தியிலுமே இரைதேடும். நீண்ட விரல்களால் சம்பின் தாள்களைப் பற்றிக்கொண்டு, நீர்மேற் குனிந்து, மீனையும் தவளையையும் பூச்சியையும் கவ்வும். ஆள் அரவம் கேட்பின் உடனே பறந்துவிடாது. கழுத்தை நிமிர்த்தி, அலகை வானோக்கி உயர்த்தி, உடலை ஒடுக்கி, அசைவற்று நிற்கும். அந்நிலையில் அதுவும் ஒரு நாணற்றாளே. அலகு வானை நோக்கினும் கண்கள் வந்தவரையே நோக்கும்; அலகின் கீழாக முன்புறம் காணுமாறு அவை அமைந்துள்ளன. மிக அணுகிய பின்னரே எழுந்து, சிறிது தொலைவு தாழப் பறந்து, மீண்டும் புதரில் மறையும்.

குருகு என்னும் சொல் பழந்தமிழில் நீர்ப்பறவை பலவற்றிற்கும் பொது. தலைவன் தலைவியை மணந்த ஞான்று ஆரல்மீனை நோக்கியிருந்த குருகே உடனிருந்தது எனக் கபிலர் குறுந்தொகையில் பாடினார். அஃது எக்குருகு எனத் துணிதல் அரிது. எனினும் ஒளிந்திருந்து காணும் அத்தொழில் இதற்கு நன்கு பொருந்தும்.

மழை பெய்து புதர் தழைத்தபின், தாள்களை மடித்து நீர்மட்டத்திற்குச் சற்று மேலே மேடைபோற் கூடு கட்டி, வெண்ணிற முட்டைகள் இடும். இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கலில் நாரைகளும் நீர்க்காகங்களும் மரந்தோறும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலை அறிந்து ஊரார் அவற்றைக் காத்தனர். 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவ்வுரிமையை ஏற்று ஆணையும் வழங்கினார். தனித்து ஒளிந்து வாழும் செங்குருகிற்கு அத்தகைய காவலர் வாய்த்திலர். ஏரியைத் தூர்வாருங்கால் புதர் முழுவதையும் அழித்துவிடின், அதனுடன் கூடும் போகும். போனதை அறிவாரும் இரார்.

மதகையும் வரத்துக்காலையும் அடைக்கும் சம்பினைக் களைதல் உழவர்க்கு இன்றியமையாதது. நீர் ஆழமற்ற மூலையில் நிற்கும் புதரின் நிலை வேறு. அதில் ஒரு பகுதியை வெட்டாது விட்டுவைப்பின் செங்குருகு அங்கேயே கூடு கட்டும்.